ரக்பி ஆடியவர் பிறகு சர்வதேச நடுவராக முடியுமா?

தாராளமாக முடியும். அயர்லாந்தின் ஜாய் நெவிலையே பாருங்கள். நாட்டுக்காக 70 ஆட்டங்கள் ஆடியவர். 2013-ல் கிராண்ட் ஸ்லாம் வென்ற, அதாவது மகளிர் ஆறு நாடுகள் தொடரில் எல்லா ஆட்டங்களையும் வென்ற அணியிலும் இருந்தார். அப்புறம் விசிலைக் கையில் எடுத்து, 2017 மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கே நடுவரானார். 2023 ஆண்கள் உலகக் கோப்பையில் தொலைக்காட்சி நடுவராகவும் இருந்தார்.

ஆடிய அனுபவம் எங்கே கைகொடுக்கும்? முக்கியமாக, பந்தோடு விழுந்தவர்மேல் ஆட்கள் குவியும் இடத்தில். பந்தைப் பறிக்க வருபவர் சொந்தக் காலில் நிற்கிறாரா, கீழே கிடப்பவர்மேல் சாய்ந்துகொண்டு நிற்பதுபோல் பாசாங்கு செய்கிறாரா? அந்தக் குவியலுக்குள் நசுங்கியவருக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தே ஆக வேண்டும். ஆடுபவர்களில் பலருக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும் என்பேன்.