உடம்பில் எங்கோ இருக்கும் ஒரு சின்னக் கட்டியால் எலும்பெல்லாம் மென்மையாகுமா?

உங்கள் அப்பாவுக்கு இடுப்பிலும் விலாவிலும் தீராத வலி, அடிபடாமலேயே எலும்பில் விரிசல், இரத்தத்தில் பாஸ்பேட் குறைவு. "உடம்பில் எங்காவது ஒரு கட்டி இருக்கலாம், அதுதான் எலும்பை மென்மையாக்குகிறது" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இப்படி நடக்குமா, இது புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்கும். கட்டியால் வரும் எலும்பு மென்மை நோய் (டியூமர் இண்ட்யூஸ்ட் ஆஸ்டியோமலேசியா) என்று இதற்குப் பெயர். என் அக்காவுக்கு வந்ததும் இதே நோய்தான். முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. மெதுவாக வளரும், பலருக்கு ஓரிரு சென்டிமீட்டர் அளவிலேயே இருக்கும். மற்ற எலும்புகளுக்குப் பரவி அவற்றை அரிப்பதும் இல்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஒரு ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன, கெடுதல் அத்தனையும் அதனால்தான்.

அந்த ஹார்மோனின் பெயர் எஃப்ஜிஎஃப்23. நம் எல்லோருக்கும் எலும்புச் செல்களிலிருந்து அளவாகச் சுரப்பதுதான். தேவைக்கு மேல் இருக்கும் பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்குச் சொல்வது அதன் வேலை. கட்டியோ அதை அளவில்லாமல் சுரக்கிறது. அதனால் உடம்புக்கு வேண்டிய பாஸ்பேட்டும் சிறுநீரில் போய்விடுகிறது. இது போதாதென்று, வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறுவதையும் அந்த ஹார்மோன் சிறுநீரகத்தில் தடுத்துவிடுகிறது. சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சும் பாஸ்பேட்டும் குறைகிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிந்தால்தான் எலும்பு கெட்டிப்படும். பாஸ்பேட் இல்லாதபோது எலும்பின் புரதச் சட்டகம் உருவாகிறது, ஆனால் இறுகுவதில்லை. சாதாரண வைட்டமின் டி மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் எத்தனை விழுங்கினாலும் அப்பாவுக்குக் குணம் தெரியாமல் இருந்திருந்தால் காரணம் இதுதான்.

அக்காவுக்கு முதலில் பாதத்தில் வலி, பிறகு இடுப்பில், பிறகு விலாவில். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. நடையே இருபக்கமும் சாய்ந்து சாய்ந்து மாறிப்போனது. ஒருவர் எலும்புத் தேய்மானம் என்றார், ஒருவர் மூட்டுவாதம் என்றார், இன்னொருவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். எலும்பு ஸ்கேனில் பல இடங்கள் பளிச்சென்று தெரிந்ததும் புற்றுநோய் பரவியிருக்குமோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். அவை எல்லாம் மென்மையான எலும்பில் விழுந்த விரிசல்கள். அந்த நாட்களில் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

இத்தனைக்கும் பாஸ்பேட் பரிசோதனை எளிமையானது. பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். ஆனால் வழக்கமான இரத்தப் பரிசோதனைத் தொகுப்புகளில் பல நேரம் அது இருக்காது. கால்சியம் சரியாக இருக்கும், அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். எலும்பு பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கூடும் அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி மட்டும் கூடியிருக்கும், அதை யாரும் கண்டுகொள்வதில்லை. காரணம் தெரியாத எலும்பு வலியும் தசைப் பலவீனமும் சேர்ந்து வந்தால் பாஸ்பேட்டைப் பார்த்தே ஆக வேண்டும். இதை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

பாஸ்பேட் குறைந்த எல்லோருக்கும் கட்டி இருக்கும் என்று அர்த்தமில்லை. டெனோஃபோவிர் போன்ற சில வைரஸ் மருந்துகள், நரம்பு வழியாக ஏற்றும் சில இரும்புச்சத்து மருந்துகள், பரம்பரைக் கோளாறுகள் ஆகியவையும் காரணமாகலாம். அப்பா என்னென்ன மருந்து எடுத்தார் என்ற முழுப் பட்டியலையும் மருத்துவரிடம் கொடுங்கள். சிறுநீரில் பாஸ்பேட் எவ்வளவு போகிறது, இரத்தத்தில் எஃப்ஜிஎஃப்23 எவ்வளவு என்பதையும் பார்ப்பார்கள்.

பெரிய பாடு கட்டியைக் கண்டுபிடிப்பதில்தான். கால், பாதம், தாடை, மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகள் என்று எதிர்பாராத இடங்களில் ஒளிந்திருக்கும். எலும்பிலும் இருக்கலாம், சதையிலும் இருக்கலாம். இப்போது பெரிதும் உதவுவது, இந்த வகைக் கட்டிகளில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தைச் சிறிதளவு ஏற்றி எடுக்கும் கேலியம்-68 டோட்டாடேட் பெட் ஸ்கேன். அக்காவுக்குக் குதிகாலை ஒட்டி இருந்ததை அதுதான் காட்டியது. முதல் ஸ்கேனில் தென்படாவிட்டால் மனம் தளர வேண்டாம். மருந்தைத் தொடர்ந்துகொண்டே சில காலம் கழித்து மறுபடியும் தேடுவார்கள்.

மருத்துவ உலகத்துக்கே இது புரிபட நாளானது. 1947-இல் மெக்கான்ஸ் என்ற மருத்துவர், தொடை எலும்பிலிருந்த கட்டியை எடுத்த பிறகு ஒரு நோயாளி குணமானதைப் பதிவு செய்தார், ஆனால் நோய்க்கு மூலம் கட்டிதான் என்று அவருக்குத் தோன்றவில்லை. 1959-இல் ஒரு சிறுமியின் விலாக் கட்டியை வைத்து அந்தத் தொடர்பைச் சொன்னவர் பிராடர் என்ற மருத்துவர். காரணமான ஹார்மோன் எஃப்ஜிஎஃப்23 என்று தெரிந்தது 2001-இல்தான்.

கட்டியைச் சுற்றியுள்ள திசுவோடு சேர்த்து முழுசாக எடுத்துவிட்டால் பலன் ஆச்சரியமாக இருக்கும். ஹார்மோன் சில மணி நேரத்திலேயே இறங்கத் தொடங்கும், சில நாட்களில் பாஸ்பேட் ஏறும். வலியும் பலவீனமும் வாரக்கணக்கில் குறையும். எலும்பு நன்றாக இறுக மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட. அக்கா இப்போது யார் துணையும் இல்லாமல் படியேறுகிறாள். கொஞ்சம் மிச்சம் விட்டாலும் நோய் திரும்பலாம் என்பதால் பாஸ்பேட்டை அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

அறுவை சிகிச்சை செய்ய முடியாவிட்டால் பாஸ்பேட்டை ஒரு நாளைக்குப் பல வேளையாகப் பிரித்துக் கொடுத்து, கூடவே வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவமான கால்சிட்ரியால் தருவார்கள். அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தில் கால்சியம் படியும், கழுத்தில் இருந்து கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியும் பாதிக்கப்படலாம், அதனால் அடிக்கடி பரிசோதனை தேவை. எஃப்ஜிஎஃப்23-ஐயே தடுக்கும் புரோசுமாப் என்ற ஊசியும் இருக்கிறது. இந்த நோய்க்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்புறம் ஒன்று, எலும்புத் தேய்மானம் என்று நினைத்து அதற்கான ஊசியை யாராவது பரிந்துரைத்தால், பாஸ்பேட் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள், அந்த ஊசி எலும்பு மென்மையை மோசமாக்கக்கூடும்.

ஸ்கேனுக்குப் போகும் முன் அப்பாவின் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தடவிப் பாருங்கள், வலிக்காத சின்னப் புடைப்பாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்கமான பெட் ஸ்கேன் பல இடங்களில் தொடையோடு நின்றுவிடும். தலை முதல் கால்விரல் வரை, கைகளும் சேர்த்து எடுக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.