ஏழு பேர் எதற்கு?

அன்புள்ள ஐயா,

பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு கூடாது என்று 2004இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2024இல் கூடும் என்கிறது. லஞ்சம் வாங்கி வாக்களித்த எம்.பி.க்களுக்கு 1998இல் பாதுகாப்பு, 2024இல் இல்லை. மசோதாக்களில் முடிவெடுக்க ஆளுநருக்குக் காலக்கெடு உண்டா என்ற விவகாரத்தில் 2025 ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையிலேயே கதை மாறிவிட்டது. நீதிபதி மாறினால் நீதியும் மாறும் என்றால் சட்டம் என்று ஒன்று எதற்கு?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நீதிபதி மாறினால் மட்டும் போதாது, தலைகளின் எண்ணிக்கையும் கூட வேண்டும். தீர்ப்புச் செய்தியில் நான் முதலில் தேடுவது அமர்வில் எத்தனை பேர் என்பதைத்தான். பாதிச் செய்திகளில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் சொன்ன 1998, 2004 தீர்ப்புகள் இரண்டும் ஐவர் தந்தவை. ஐவர் சொன்னதை வேறு ஐவர் தள்ளிவிட முடியாது. உள் ஒதுக்கீட்டில் இது நடந்தே காட்டியது. 2020இல் ஓர் ஐவர் அமர்வு, பழைய தீர்ப்பு சரியில்லை என்றே கருதியது. ஆனாலும் அதன்மேல் கைவைக்காமல் எழுவருக்கு அனுப்பியது. அந்த எழுவரில் ஆறு பேர் உள் ஒதுக்கீடு செல்லும் என்றார்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் தரும் 2009ஆம் ஆண்டுச் சட்டமும் அதனால் நிலைத்தது.

அதே தீர்ப்பில் நால்வர், பட்டியல் சாதியினரிலும் முன்னேறியவர்களை விலக்க வேண்டும் என்று எழுதினார்கள். வழக்கில் யாரும் அதைக் கேட்கவில்லை. போகிற போக்கில் சொன்ன கருத்து. ‘கிரீமி லேயர் வந்துவிட்டது’ என்று பலர் அதையே தீர்ப்பாகப் படித்தார்கள். எட்டே நாளில் மத்திய அமைச்சரவை அப்படி ஏதும் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

எம்.பி. வழக்கு மாறியதில் எனக்கு வருத்தமே இல்லை. 1993இல் நரசிம்ம ராவ் அரசைக் காப்பாற்றப் பணம் கைமாறிய விவகாரம் அது. 1998இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வந்த தீர்ப்பின்படி, பணம் வாங்கி வாக்களித்தவருக்குப் பாதுகாப்பு. வாங்கிக்கொண்டு வாக்களிக்காதவருக்கு இல்லை. லஞ்சத்திலும் நாணயம் பார்த்த தீர்ப்பு! 26 ஆண்டுகள் அதுதான் சட்டமாக இருந்தது. 2024இல் இன்னோர் எழுவர் அமர்வு ஒரே குரலில் அதைத் தள்ளியது.

ஆளுநர் விவகாரம் வேறு வகை. ஏப்ரலில் இருவர் தந்தது தீர்ப்பு; நவம்பரில் ஐவர் தந்தது குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கான கருத்து. மேல்முறையீடு அல்ல.

ஆனால் உங்கள் கோபம் முழுக்க நியாயமாகும் இடம் ஒன்று உண்டு, நீங்கள் அதைச் சொல்லவில்லை: கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளின் பங்கு. மகளுக்கும் சமபங்கு தரும் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்தால்தான் பங்கு என்று 2015இல் இருவர் சொன்னார்கள். 2001லேயே தந்தை இறந்துபோன மகள்களுக்கு 2018இல் வேறு இருவர் பங்கு கொடுத்தார்கள். இருவருக்கு இருவர் சமம். கீழ் நீதிமன்றங்கள் எதைப் பின்பற்றும்? 2020 ஆகஸ்டில் மூவர் அமர்ந்து, உரிமை பிறப்பால் வருவது, தந்தை அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று முடித்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் முதல் தீர்ப்பைக் காட்டித் தோற்கடிக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்கு வசதியில்லாமல் வழக்கை விட்டுவிட்ட பெண்களுக்கு மறுசீராய்வும் கிடையாது. சட்ட விளக்கம் பின்னால் மாறியது என்பதை உரிமையியல் நடைமுறைச் சட்டம் அதற்கான காரணமாக ஏற்பதில்லை.