சங்கப் பாட்டைப் படித்துக் கோபம் வரலாமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் பி.ஏ. தமிழ் முதலாம் ஆண்டு படிக்கிறேன். சங்க இலக்கியம் எடுக்கும் ஐயா, வாரம் ஒரு பாட்டைப் படித்துவிட்டு ‘உனக்கு என்ன தோன்றியது’ என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார். நான் பொருள், அணி எல்லாம் எழுதி ‘மிகவும் அருமையாக உள்ளது’ என்று முடித்தேன். ‘இதில் நீ எங்கே?’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். குறுந்தொகையில் ‘முளிதயிர் பிசைந்த’ பாட்டைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா சமைத்ததை அப்பா ஒருநாளும் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. இதையெல்லாம் எழுதினால் சங்க இலக்கியத்தை அவமதித்ததாக ஆகாதா? எல்லோரும் கண் கலங்கும் பாரி மகளிர் பாட்டு எனக்கு ஒன்றுமே செய்யவில்லை, அதற்கு என்ன எழுதுவது? வீட்டு விஷயத்தை எவ்வளவு சொல்லலாம்? தோழிகள் ஏஐயிடம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அடுத்த வாரம் ‘முட்டுவேன்கொல்’ பாட்டு. பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

எழுது. கோபம் வந்தது என்றே எழுது. முதல் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். ஆனால் கோபத்தைச் சொன்னதோடு பக்கத்தை முடித்துவிட்டால் ஐயா மறுபடியும் சிவப்புப் பேனாவை எடுப்பார், அது ஏன் என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘மிகவும் அருமையாக உள்ளது’. அதற்கு நீ வெட்கப்பட வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் கவிதை என்றால் நம் எல்லோருக்கும் ‘இலக்கிய நயம் பாராட்டுக’தான். மையக்கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சுவை என்று வரிசையாகத் தலைப்புப் போட்டு, ‘குயவனுக்குப் பானை, செய்யுளுக்கு மோனை’, ‘மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை’ என்று கைடில் இருப்பதை எழுதி, இரண்டு சொற்களுக்கு அடிக்கோடு போட்டால் முடிந்தது. எந்தக் கவிதை வந்தாலும் அதே விடை, எடுத்துக்காட்டை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். கவிதை பிடிக்காமல் போவதற்கு அங்கே இடமே கிடையாது, பாராட்டியே ஆகவேண்டும். இப்படிப் பழகி வந்த பிள்ளையிடம் முதலாம் ஆண்டில் திடீரென்று ‘நீ எங்கே’ என்றால் அது எங்கே போகும்?

நீ எழுதியது பதிலா இல்லையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. உன் பக்கத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து வேறொரு பாட்டின் கீழே வைத்துப் பார். அங்கேயும் சரியாக உட்கார்ந்தால் அது இந்தப் பாட்டைப் படித்து வந்த வாக்கியம் இல்லை. ‘அருமையாக உள்ளது’ எங்கேயும் உட்காரும், சரி. ‘இது பெண்ணை அடிமைப்படுத்தும் பாட்டு’ என்பதும் அப்படித்தான், வேறு பல பாடல்களுக்குக் கீழேயும் கூசாமல் உட்காரும். பாராட்டுக்கு ஒரு கைடு இருப்பதுபோலக் கோபத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கைடு இருக்கிறது. உன் கோபம் அதிலிருந்து வந்ததா, பாட்டிலிருந்து வந்ததா?

பாட்டையே வைத்துப் பார்ப்போம், ஆறே அடிதான்:

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே

கெட்டித் தயிரைப் பிசைந்த விரலைத் துணியிலேயே துடைத்துக்கொண்டு, அந்தத் துணியைத் துவைக்காமல் அப்படியே உடுத்தியபடி, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை ‘இனிது’ என்று கணவன் சாப்பிட்டதும் அவள் முகம் நுட்பமாக மலர்ந்ததாம். எழுதியவர் கூடலூர் கிழார். குறுந்தொகையில் 167ஆம் பாட்டு.

உனக்குக் கோபம் எந்த அடியில் வந்தது? ‘இனிதென’ என்ற இடத்திலா, அதாவது இவ்வளவு உழைப்புக்கு ஒரே ஒரு சொல்தானா கூலி என்றா? அல்லது ‘மகிழ்ந்தன்று’ என்ற இடத்திலா, இந்தப் பெண் இதற்குப் போய் மகிழ்கிறாளே என்றா? முன்னது அவன்மேல் வரும் கோபம், பின்னது அவள்மேல் வரும் கோபம். எது என்று எழுதினாலே பக்கத்தில் பாதி நிரம்பிவிடும். இன்னொன்றும் எண்ணிப் பார். ஆறு அடியில் நான்கு அடி அவளுடைய கை, துணி, கண், உழைப்பு. கணவனுக்கு ஒரு அடி, அதுவும் சாப்பிடுவதற்கு மட்டும். உழைப்பைப் புலவர் மறைக்கவில்லை, அழுக்குத் துணி உட்பட எல்லாவற்றையும் முன்னாலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். உன் அம்மாவின் வேலையை ஒருத்தர் இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்.

அப்புறம், பாட்டோடு வரும் சின்னக் குறிப்பை நீ தாண்டிப் போயிருப்பாய் என்று நினைக்கிறேன் (எல்லோரும் தாண்டுவோம், தேர்வுக்கு மட்டும் திரும்பி வருவோம்). ‘கடிநகர் சென்ற செவிலித்தாய் நற்றாய்க்கு உரைத்தது.’ வளர்த்தவள் போய், மகள் குடித்தனம் நடத்துகிற வீட்டைப் பார்த்துவிட்டு வந்து பெற்றவளிடம் சொல்கிறாள். செவிலி வைத்து வளர்த்த வீட்டுப் பெண், இப்போது தானே துழாவிச் சமைக்கிறாள். ‘தான்’ என்ற சொல் அங்கே சும்மா கிடக்கவில்லை. அந்த முகம் மலர்ந்ததைக் கணவன் பார்த்தான் என்று பாட்டில் எங்கேயும் இல்லை. பார்த்தவள் செவிலி. கேட்டுக்கொண்டிருப்பவள், ‘என் பொண்ணு அங்கே எப்படி இருக்கிறாளோ’ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் கோபம் இருக்கலாம், இன்னும் கூடவும் கூடலாம். ஒரு பெண் நன்றாக இருக்கிறாள் என்பதற்கு, அவன் இனிது என்று சாப்பிட்டான் என்பதுதானா சாட்சி? அந்த அம்மாவுக்கு இது போதுமா? அவளும் அப்படி ஒரு ‘இனிது’க்குக் காத்திருந்தவள்தானா? பெண் பெண்ணிடம் சொல்வதாக இதை எழுதியவர் ஓர் ஆண் புலவர், அதையும் கேள். இப்போது உன் கோபத்தைப் பெயர்த்து வேறு பாட்டின் கீழே வைக்க முடியாது.

அவமதிப்பு பற்றிக் கேட்டிருந்தாய். தொல்காப்பியம், உணர்வுகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்கிறது. வெகுளி, அதாவது கோபமும் அதில் ஒன்று, உவகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதோடு விடவில்லை, ஒவ்வொன்றும் எதனால் வரும் என்று நான்கு நான்காகச் சொல்கிறது. வெகுளிக்கு உறுப்பறை (உறுப்பை அறுப்பது), குடிகோள் (குடும்பத்துக்குக் கேடு செய்வது), அலை (வைதும் அடித்தும் வருத்துவது), கொலை. அது பாட்டுக்குள் இருப்பவர்களின் உணர்வைப் பற்றியது, வாசிக்கிற பெண்ணைப் பற்றியதில்லை என்று உங்கள் ஐயா சொல்லலாம், அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனாலும் உணர்வைச் சொன்னால் காரணத்தையும் சொல் என்ற பழக்கத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டு, ஒரு முதலாம் ஆண்டு மாணவியின் கோபத்தைத் தாங்காதா என்ன.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் கொஞ்சம் சிக்கல். கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்றொரு ஆசிரியர், எழுதியவர் பெயரை எடுத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொல்லி வாங்கிப் பார்த்தார். 13 கவிதைகளுக்கு வந்த பதில்களை வைத்து 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்ற புத்தகத்தையும் கொண்டுவந்தார். நன்றாகப் படித்த பிள்ளைகளே நேர்ப்பொருளைக்கூடத் தவறவிட்டிருந்தார்கள். வாசிப்பைக் கெடுக்கிறவை என்று அவர் போட்ட பட்டியலில் இரண்டு உனக்கு வேண்டியவை: கவிதைக்குச் சம்பந்தமில்லாத சொந்த நினைவு குறுக்கே புகுந்துவிடுவது, ஏற்கெனவே தயாராக இருக்கும் ஓர் உணர்ச்சியைத் தூக்கிக் கவிதையின்மேல் வைத்துவிடுவது. அதற்குப் பிறகு 1938இல் அமெரிக்காவில் லூயிஸ் ரோசன்பிளாட் என்ற ஆசிரியை வேறு பக்கத்திலிருந்து பேசினார். வாசிக்கிறவரின் வாழ்க்கை உள்ளே வராமல் வாசிப்பே நடப்பதில்லை, ஆனால் வந்த பிறகு மறுபடியும் எழுத்துக்குத் திரும்பிப் போய், நான் நினைத்ததற்கு அங்கே இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. நான் ரோசன்பிளாட் கட்சிதான், ஆனால் எழுதி முடித்தபின் ரிச்சர்ட்ஸ் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்ப்பேன்.

அதனால் உன் அம்மா அந்தப் பக்கத்துக்குள் வரட்டும், மூன்று நான்கு வரி. அடுப்படியில் நின்று அவர் என்ன எதிர்பார்த்தார் என்று நீ நினைக்கிறாயோ அது போதும். பிறகு ‘நுண்ணிதின்’ என்ற சொல்லுக்குத் திரும்பி வந்துவிடு. அம்மா வந்ததால் அந்தச் சொல் உனக்குக் கூடுதலாக ஏதாவது காட்டியதா? காட்டியது என்றால் அம்மா அங்கே இருக்க வேண்டியவர். பக்கம் முழுக்க அப்பாமேல் புகாராகப் போய்விட்டால், அது வேறு நோட்டில் எழுத வேண்டியது. அப்படி ஒரு நோட்டு வைத்துக்கொள், யாருக்கும் காட்டாதே. ஐயா மார்க் போடுகிறார் என்பதற்காக உன் வீட்டுக் கதவை அவருக்குத் திறந்துவிட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ‘எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில்’ என்று எழுதினாலும் பதில் பதில்தான்.

பாரி மகளிர். நடிக்காதே, தயவுசெய்து. ஒன்றும் தோன்றவில்லை என்பதும் ஒரு பதில், ஏன் என்று பார்த்தால். முல்லைக்குத் தேர், பறம்பு மலை, மூவேந்தர் முற்றுகை என்று சின்ன வயதிலிருந்து கதையைக் கேட்டுக் கேட்டு, பாட்டுக்கு வரும்போது நமக்கு எல்லாம் முன்னமே தெரிந்திருக்கிறது. அதோடு அந்தப் பாட்டில் அழுகை என்று ஒரு சொல்லும் கிடையாது. அன்றைய நிலா வெளிச்சத்தில் எங்களுக்குத் தந்தை இருந்தார், எங்கள் குன்றைப் பிறர் கொள்ளவில்லை, இன்றைய நிலா வெளிச்சத்தில் வேந்தர்கள் குன்றைக் கொண்டார்கள், எங்களுக்குத் தந்தை இல்லை. கணக்குச் சொல்வதுபோல ஐந்து அடி. ஆனால் வரிசையைப் பார். முதலில் தந்தை, பிறகு குன்று. திரும்பச் சொல்லும்போது முதலில் குன்று, கடைசியில் தந்தை. ‘யாம் எந்தையும் இலமே’ என்பதோடு பாட்டு நின்றுவிடுகிறது, அதற்குமேல் அந்தப் பெண்கள் பேசவில்லை. இதைக் கவனித்த பிறகும் உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அப்படியே எழுது: ‘வரிசை மாறுவதைக் கவனித்தேன், ஆனாலும் வெளியிலேயே நிற்கிறேன்.’ கண் கலங்கியதாகப் பொய் சொல்லும் பக்கத்தைவிட அதை ஐயா விரும்பிப் படிப்பார்.

ஒரு எல்லை மட்டும் உண்டு. ரசிகமணி டி.கே.சி.யைப் பற்றிப் படித்திருப்பாய், திருநெல்வேலியில் அவர் வீட்டில் வட்டத்தொட்டி என்ற முற்றத்தில் கூடியவர்களுக்குக் கம்பனைப் பாடிப் பாடிக் காட்டியவர், தமிழ் வாசகருக்கு ரசனை என்றால் என்ன என்று சொல்லித் தந்தவர்களில் அவர் பெரியவர். ஆனால் தன் காதுக்கு ஒவ்வாத பாட்டுக்களைக் கம்பன் எழுதியதில்லை என்று தள்ளினார், சில இடங்களில் சொல்லையே மாற்றினார். அதை அன்றே அறிஞர்கள் ஏற்கவில்லை, எனக்கும் சம்மதமில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல உனக்கு முழு உரிமை இருக்கிறது, உனக்குப் பிடித்த மாதிரி பாட்டு வேறொன்றைச் சொல்வதாக வளைக்க உரிமை இல்லை. பொருள் சந்தேகமாக இருந்தால் நூலகத்தில் உ.வே.சா.வின் குறுந்தொகைப் பதிப்பைத் தேடு, முதலில் 1937இல் வந்தது, பதவுரையும் விளக்கமும் இருக்கும், எந்தக் கைடும் கிட்டே வர முடியாது.

ஏஐ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘இப்பாடல் இல்லற வாழ்வின் இனிமையை அழகுறச் சித்திரிக்கிறது’ என்று பிழையில்லாமல் தரும். நீ பத்தாம் வகுப்பில் எழுதிய அதே விடை, கொஞ்சம் இஸ்திரி போட்டது. எந்த அடியில் உனக்குச் சுருக்கென்றது என்று அதற்குத் தெரிய வழியில்லை, உன் ஐயா கேட்பது அதை மட்டும்தான். செமஸ்டர் தேர்வு வேறு. அங்கே திணை, துறை, கூற்று, பொருள் என்று கேட்டதை எழுது, கோபத்தை எல்லாம் அங்கே கொண்டுபோகாதே. பல கல்லூரிகளில் இன்டர்னலுக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. இந்த நோட்டு அந்த 25க்குள் ஒரு துண்டு, அதற்காக இவ்வளவு பயம் வேண்டாம்.

‘முட்டுவேன்கொல்’ ஔவையார் பாட்டு. முட்டவா, தாக்கவா, ஆவென்று கூவவா என்று ஒருத்தி கேட்கிறாள், அவள் நோயை அறியாமல் ஊர் தூங்குகிறது. கோபத்தோடு வந்திருக்கிறாய், கோபக்காரப் பாட்டுத்தான் கிடைத்திருக்கிறது. உரையைத் திறக்காமல் இரண்டு தடவை வாய்விட்டுப் படி, பாதி புரியாது, பரவாயில்லை. நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அவளோடு நிற்கிறாயா, தூங்குகிற ஊரில் நீயும் ஒருத்தியா என்று ஐந்தாறு வரி எழுதிவிடு. மறுநாள் உரையைப் பார்த்துவிட்டு அதற்குக் கீழே மீதியை எழுது, முதலில் எழுதியதை அடிக்காதே. இரண்டையும் அப்படியே ஐயாவிடம் கொடு.