நோபல் பொடி போட்டால் போர் தண்ணீர் தெளியுமா?

கேள்வி: கொடுங்கையூரில் குடியிருக்கிறோம். போர் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருக்கிறது. சற்று நேரத்தில் வாளியெல்லாம் மஞ்சள். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) லிட்டருக்கு 1,800 மில்லிகிராம். நோபல் பரிசு பெற்ற 'எம்ஓஎஃப்' இரட்டை உலோகப் பொடி வைத்த கருவி எல்லா மாசையும் உடைத்துவிடும் என்று ஒருவர் 28,000 ரூபாய் கேட்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

பரிசு உண்மைதான். 2025-இல் கிடாகவா, ராப்சன், யாகி ஆகிய மூவரும் பெற்றார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தவர் பெறவில்லை. எம்ஓஎஃப் என்பது, கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, உலோக அணுக்களை முடிச்சாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பாகவும் வைத்துக் கட்டிய நுண்துளைப் பொருள். முடிச்சில் இரும்போடு கோபால்ட்டையோ செம்பையோ சேர்த்தால், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றை விரைவாகத் தூண்டிவிட்டு, சாயத்தையும் மருந்துக் கழிவையும் சிதைக்கும். பெராக்சைடு ஊற்றாத வெறும் பொடி, சாயத்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

உங்கள் சிக்கல் சாயமல்ல, உப்பு. உப்பைச் சிதைக்க எந்த வினையூக்கியாலும் ஆகாது. போதாக்குறைக்கு, தண்ணீரில் உள்ள குளோரைடு வினையை வழியிலேயே மந்தமாக்கும். கோபால்ட் கரைந்து இறங்கினால் அதை வடிகட்ட இன்னொரு கருவி வேண்டும். காற்றுப் பட்டதும் வரும் மஞ்சள் பெரும்பாலும் இரும்பு. தண்ணீரைப் பூவாளிபோல் தெளித்துத் தொட்டியில் விழவைத்து, மணல் வடிகட்டியில் விட்டால் பெருமளவு அடங்கும். குடிக்க இதை நம்பாதீர்கள்: 500-க்கு மேல் டிடிஎஸ் விரும்பத்தக்கதல்ல, வேறு வழியே இல்லாதவர்களுக்குத்தான் 2,000 வரை விலக்கு.

அந்த மனிதர் இரண்டு டம்ளர்களில் கம்பிகளைச் செருகிக் கரண்ட் கொடுத்துக் காட்டினாரா? உங்கள் தண்ணீர் சாக்கடையாக மாறியிருக்கும், அவர் கொண்டுவந்த உப்பில்லாத தண்ணீர், கரண்ட் அதிகம் பாயாததால், பளிச்சென்று நின்றிருக்கும். கலங்கியது உங்கள் தண்ணீரின் அழுக்கல்ல, கரைந்த இரும்புக் கம்பி. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்; பையை மூடிக்கொண்டு கிளம்புவார். வருடக்கணக்காக இந்த வித்தை தெருத்தெருவாக நடக்கிறது, கேட்பாரில்லை.

ஒன்றில் மட்டும் கவனம்: தண்ணீரில் பெட்ரோல், டீசல் வாடை வந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 2013-இல் தண்டையார்பேட்டையில் குழாய்க் கசிவால் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தது நினைவிருக்கும். வாடை லேசாக இருந்தாலும் மோட்டாரை நிறுத்துங்கள். கொதிக்கவைக்காதீர்கள், ஆவி வீட்டுக்குள் பரவும். குளிக்கவும் வேண்டாம். கண்ணாடிப் பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, மூடி வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டும். நகலில் தேதி முத்திரை வாங்காமல் நகராதீர்கள்.

வாடை இல்லையென்றால் ஆய்வகத்தில் இரும்பு, குளோரைடு, கடினத்தன்மை மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் டிடிஎஸ் எண்ணை மட்டும் அச்சிட்டுக் கையில் திணிப்பார்கள்.