வாசகர் கேள்வி பதில்: கூட்டு ஏலத்தில் செலவை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: நிலாவெளியில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து, பாவித்த பொருட்களை உப்புவெளியில் மண்டபம் எடுத்து ஏலத்தில் விற்றோம். 10 உருப்படிகள், விற்பனை 400,000 ரூபா. இதில் படகு இயந்திரம் மட்டும் 240,000, தையல் மெசின் 18,000. ஓர் அலுமாரி விலைப்படவில்லை. மண்டபம், ஒலிபெருக்கி, துண்டுப்பிரசுரம் 24,000; ஏலம் கூறியவருக்கு 5 வீதப்படி 20,000; லொறி 9,000. இயந்திரக்காரர் சமமாகப் பிரிப்போம் என்கிறார். மற்றவர்கள் விற்ற தொகைப்படி என்கிறார்கள். எது நியாயம்?

பதில்: இரண்டுமே சரிவராது. 53,000 ரூபாவை ஆறாகப் பிரித்தால் தலைக்கு ஏறத்தாழ 8,833. தையல் மெசின்காரருக்குக் கிடைத்ததில் பாதி செலவிலேயே போய்விடும். விற்ற தொகைப்படி மட்டும் பார்த்தால் இயந்திரக்காரர் 31,800 கட்டவேண்டும், அலுமாரிக்காரர் ஒரு சதமும் கட்டமாட்டார். அவருடைய பொருளும் மண்டபத்தில் இடம்பிடித்தது, அதையும் கூவித்தானே கேட்டார்கள்.

செலவு எதனால் வந்தது என்று பார்த்து மூன்றாகப் பிரியுங்கள். கொமிசன் விலையோடு ஏறுவது. அவரவர் விலையில் 5 வீதம். லொறியை அலுமாரிக்கும் மேசை கதிரைக்கும் மட்டும் பிடித்திருந்தால், பிடித்த இடத்தின்படி அந்த இருவரும்தான் தரவேண்டும். மீதி 24,000இல் பாதியை உருப்படிக் கணக்கில் போடுங்கள்: ஒன்றுக்கு 1,200, விற்றாலும் விற்காவிட்டாலும். மறுபாதி 12,000 விற்பனையில் 3 வீதம்.

அப்படிப் பார்த்தால் இயந்திரத்துக்கு 12,000, 7,200, 1,200 சேர்ந்து 20,400. தையல் மெசினுக்கு 900, 540, 1,200 சேர்ந்து 2,640. அலுமாரிக்கு 1,200உம் லொறிப் பங்கும்.

"என் இயந்திரத்தைப் பார்க்கத்தானே சனம் வந்தது" என்று அவர் சொல்லக்கூடும். அதில் உண்மை உண்டு. ஆனால் கூட்டம் கூடியதால் விலை ஏறிய பலனும் முதலில் அவருக்கே. இயந்திரத்தைத் தண்ணீர்ப் பீப்பாயில் வைத்து ஓட்டிக் காட்டிய எரிபொருட் செலவும் அவருடையதே, பொதுக்கணக்கில் ஏற்றாதீர்கள்.

இந்த முறை முன்பேச்சு இல்லாததால் ஆறு பேரும் இணங்கினால்தான் இதைச் செய்யலாம். அடுத்த முறை உருப்படிப் பணத்தைப் பெயர் பதியும்போதே வாங்கிவிடுங்கள். மாரி மழையில் ஏலம் தள்ளிப்போனாலும் அச்சடித்த செலவு ஒருவர் தலையில் மட்டும் விழாது. அடிவிலை வைப்பவர்களுக்கு இன்னொரு விதியும் தேவை: அந்த விலை வராமல் பொருள் திரும்பினால், அடிவிலையில் 1 வீதம் பொதுக்கணக்குக்கு. இல்லாவிட்டால் ஆளாளுக்கு எட்டாத விலை வைத்து, சந்தை விலையை இலவசமாக விசாரித்துக்கொண்டு போவார்கள். சொந்தப் பொருளைத் தானே கேட்டு எடுத்தால் கொமிசன் உண்டு என்பதையும் எழுதிவையுங்கள்.

கேள்வி: ஏலத்தில் எடுத்தவர் பணம் கட்டாமல் போய்விட்டால், அந்தப் பொருளின் செலவுப் பங்கு யாருக்கு?

பதில்: விலை முடிந்த இடத்திலேயே 25 வீத முற்பணம் வாங்கவேண்டும், மீதி வரும்வரை பொருளைக் கொடுக்கக்கூடாது. இந்த நிபந்தனையைத் துண்டுப்பிரசுரத்தில் போட்டு, ஏலம் தொடங்குமுன் ஒலிபெருக்கியிலும் சொல்லுங்கள். ஆள் வராவிட்டால் அந்த முற்பணத்தில் முதலில் செலவுப் பங்கைக் கழித்து, மிச்சத்தைப் பொருளுக்குரியவரிடம் கொடுக்கலாம். முற்பணமே வாங்காமல் விட்டிருந்தால் அது ஏலம் நடத்திய எல்லோருடைய தவறு. அந்தப் பொருளின் 3 வீதப் பங்கை மற்றவர்கள் விற்ற தொகைப்படி ஏற்றுக்கொள்ளுங்கள். உருப்படிப் பணத்தை மட்டும் பொருளுக்குரியவர் கட்டவேண்டும். எல்லாப் பணமும் கைக்கு வந்த பிறகே, செலவைக் கழித்துக்கொண்டு பங்கைக் கொடுங்கள்.