போருக்குப் பின் அமெரிக்கா செழித்தது எப்படி?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவும் ஜப்பானும் நொறுங்கிப்போயின. அமெரிக்கர்கள் மட்டும் வீடு, கார் என்று வசதியாக வாழத் தொடங்கினார்கள். போர்தான் அவர்களைச் செல்வந்தர்களாக்கியது என்று சொல்லப்படுவது உண்மையா? (வாசகர், மதுரை)

பதில்: பாதி உண்மை. 1933-இல் உழைப்பாளர்களில் நால்வருக்கு ஒருவர் வேலையின்றி இருந்த நாட்டில், 1944-இல் வேலையின்மை 1.2 சதவீதமாகக் குறைந்ததற்குப் போரே காரணம். ஆனால் பீரங்கியும் குண்டுவீச்சு விமானமும் எந்தக் குடும்பத்தின் வசதியையும் பெருக்குவதில்லை. கையில் சம்பளம் இருந்தும் வாங்குவதற்குப் பொருள் இல்லை என்பதே அந்த ஆண்டுகளில் பெரும்பாலான அமெரிக்கர்களின் நிலை. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. சர்க்கரை, இறைச்சி, பெட்ரோல், டயர் ஆகியவை பங்கீட்டு முறைக்குள் வந்தன. செலவழிக்க வழியில்லாத பணம் வங்கிகளிலும், எட்டுக் கோடிக்கும் அதிகமானோர் வாங்கிய போர்க்காலக் கடன் பத்திரங்களிலும் சேர்ந்தது. 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் மக்கள் வரி போகக் கையில் வந்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சேமித்தார்கள்.

போர் முடிந்ததும் இந்தச் சேமிப்பு செலவாகிச் செழிப்பைத் தந்தது. இன்று எளிதாகத் தோன்றும் இந்தக் கதையை அன்றைய பொருளியலாளர்கள் பலர் எதிர்பார்க்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்த சிறிது காலத்திலேயே, 1920-21-இல் வந்த கடும் சரிவு அவர்கள் நினைவில் இருந்தது. படையிலிருந்த சுமார் 1.2 கோடிப் பேர் வேலை தேடி வரவிருந்தார்கள். அரசின் செலவோ 1945 நிதியாண்டில் 9,200 கோடி டாலருக்கு மேல் இருந்து 1948-இல் 3,000 கோடிக்கும் கீழே இறங்கியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பால் சாமுவேல்சனும் 1943-இல் பெரும் வேலையின்மை வரக்கூடும் என்று எச்சரித்தவர்தான். நடந்தது வேறு. 1946 முதல் 1948 வரை ஆண்டுச் சராசரி வேலையின்மை 4 சதவீதத்தைத் தாண்டவில்லை. விலைவாசி கடுமையாக ஏறியது, 1946-இல் வேலைநிறுத்தங்கள் அலையலையாக நடந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தேங்கியிருந்த தேவையும் சேர்ந்திருந்த பணமும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்ததால் தொழிற்சாலைகளுக்கு வேலை குறையவில்லை.

எனினும் சேமிப்பு சில ஆண்டுகளில் கரைந்துவிடும். செழிப்பு நீடித்ததற்கு, 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட, 'ஜி.ஐ. பில்' என்று வழங்கப்படும் முன்னாள் படைவீரர் சட்டத்துக்கே நான் முதலிடம் தருவேன். வேலை கிடைக்காதவர்களுக்கு வாரம் 20 டாலர் வீதம் 52 வாரங்கள் வரை உதவித்தொகை தருவதற்காக ஒதுக்கிய நிதியில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை என்பதிலிருந்தே, திரும்பியவர்கள் வேலைக்கோ படிப்புக்கோ எவ்வளவு விரைவாகப் போனார்கள் என்பது தெரியும். 1956-க்குள் 78 லட்சம் பேர் இச்சட்டத்தின் துணையால் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். அவர்களில் 22 லட்சம் பேர் கல்லூரிகளில் படித்தார்கள். வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் அளித்ததால், கையில் முன்பணம் இல்லாத இளைஞர்களுக்கும் வங்கிகள் கடன் தந்தன. 1955-க்குள் அவ்வாறு வழங்கப்பட்டவை சுமார் 43 லட்சம் கடன்கள். புது வீடு கட்டினால் குளிர்பதனப்பெட்டி வேண்டும், சலவை இயந்திரம் வேண்டும், புறநகரிலிருந்து வேலைக்குப் போகக் கார் வேண்டும். 1940-இல் 44 சதவீதமாக இருந்த சொந்த வீட்டுக் குடும்பங்கள் 1960-இல் 62 சதவீதமாயின.

கேள்வி: மற்ற நாடுகளின் தொழிற்சாலைகள் அழிந்து, அமெரிக்கப் பொருள்களுக்குப் போட்டியே இல்லாமல் போனதுதான் முக்கியக் காரணம் அல்லவா? (வாசகர், திருச்சி)

பதில்: போட்டியின்மை உதவியது, ஆனால் அதற்கு அளவுக்கு மீறிய பெருமை தரப்படுகிறது. அக்காலத்தில் ஏற்றுமதி அமெரிக்க உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அமெரிக்கர்கள் செய்த பொருளை வாங்கியவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களே. மேலும் அந்நாடே 1948 முதல் மார்ஷல் திட்டத்தின் வழியாகச் சுமார் 1,300 கோடி டாலர் கொடுத்து மேற்கு ஐரோப்பாவை நிமிர்த்தியது. உள்நாட்டில் வாங்கும் சக்தி எப்படி நிலைத்தது என்பதற்கு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் கார்த் தொழிலாளர் சங்கமும் 1950-இல் செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தைப் பார்க்கலாம். விலைவாசியோடும் உற்பத்தித் திறனோடும் சேர்ந்து ஊதியம் உயர வேண்டும் என்றும், ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் உண்டு என்றும் அதில் முடிவாயிற்று.

கேள்வி: இந்தச் செழிப்பு கறுப்பின மக்களுக்கும் கிடைத்ததா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மிகக் குறைவாகவே கிடைத்தது. மேலே சொன்ன ஜி.ஐ. பில் சட்டத்தில் நிறபேதம் எழுதப்படவில்லை. ஆனால் கடன் கொடுத்தவை உள்ளூர் வங்கிகள், பயிற்சிக்கு ஆள் எடுத்தவர்கள் உள்ளூர் அதிகாரிகள். மிசிசிப்பியின் 13 நகரங்களில் 1947-இல் எடுத்த கணக்கின்படி, உத்தரவாதக் கடன்கள் 3,229 வழங்கப்பட்டதில் கறுப்பின முன்னாள் வீரர்களுக்குக் கிடைத்தவை 2. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1947 முதல் சுமார் 8,000 டாலர் விலையில் ஆயிரக்கணக்கில் எழுந்த லெவிட்டவுன் வீடுகள் வெள்ளையர்களுக்கு மட்டுமே விற்கப்பட்டன. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் நாடு தழுவிய சட்டம் 1968-இல்தான் வந்தது. அதற்குள் அந்த வீடுகள் இருபது ஆண்டுகளாக விலை ஏறி, முதலில் வாங்கியவர்களின் குடும்பச் சொத்தாகியிருந்தன.