இழுத்துக்கொண்டே போகும் நாய்க்கு எந்த ஹார்னஸ் வாங்கலாம்?

கேட்டவருடைய நாய்க்கு ஒன்றரை வயது, 22 கிலோ. வாசலைத் தாண்டியதுமே இழுக்க ஆரம்பித்துவிடுகிறதாம், கழுத்துப் பட்டை, அதாவது காலர், இறுகி இருமுகிறதாம். ஹார்னஸ், அதாவது கழுத்துக்குப் பதில் நெஞ்சையும் முதுகையும் சுற்றிப் போடும் பட்டை, போட்டால் இழுப்பது நின்றுவிடுமா, எந்த மாதிரி வாங்குவது என்பதுதான் கேள்வி.

நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு ஹார்னஸ் வாங்கி மூலையில் போட்ட பிறகுதான் எனக்கே இது புரிந்தது. ஹார்னஸ் நாயின் கழுத்தைக் காப்பாற்றும், உங்கள் தோள்பட்டையை ஓரளவு காப்பாற்றும், பழக்குவதற்குக் கொஞ்சம் அவகாசம் தரும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் இருமுகிற நாய்க்குக் காலரைக் கழற்றிவிட்டு ஹார்னஸுக்கு மாறுவது சரியான முடிவுதான். மூச்சுக்குழாய் கழுத்தின் முன்பக்கமே இருக்கிறது. அதன் மேல்தான் அந்த இழுப்பு முழுவதும் விழுகிறது. சப்பை மூக்கு நாய்களுக்கும், மூச்சுக்குழாய் தளர்ந்துபோகும் வாய்ப்புள்ள சின்ன ரக நாய்களுக்கும் இது இன்னும் மோசம். காலர் இல்லாதபோதும் இருமினால் கடைக்குப் போவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எங்கள் மணி கலப்பினம், 26 கிலோ. முதலில் அவனுக்கு வாங்கியது நல்ல தடிமனான பஞ்சு வைத்த ஹார்னஸ், முதுகில் ஒரே ஒரு வளையம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மாட்டிக்கொண்டு வெளியே இறங்கியதும் உழவு மாட்டுக்கு நுகத்தடி வைத்த கதைதான். கழுத்து வலிக்காததால் இன்னும் உற்சாகமாக, நெஞ்சைக் கொடுத்து இழுத்தான். பனியில் வண்டி இழுக்கும் நாய்களுக்கும் கயிற்றை முதுகுப் பக்கம்தான் பூட்டுகிறார்கள், பாரம் நெஞ்சில் பரவலாக விழுந்து சிரமமில்லாமல் இழுக்க வேண்டும் என்பதற்காக. நானும் காசு கொடுத்து அதையேதான் செய்திருக்கிறேன். முதுகு வளையம் கெட்டது என்று சொல்லவில்லை. இழுக்காத நாய்க்கும், நீளக் கயிற்றில் விட்டு மோப்பம் பிடிக்க வைப்பதற்கும் அதுதான் சௌகரியம். உங்கள் பிரச்சினைக்கு உதவாது, அவ்வளவுதான்.

அதனால் நெஞ்சுக்கு நேராக முன்பக்கமும் ஒரு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். லீஷை, அதாவது நாம் கையில் பிடிக்கும் கயிற்றை, அதில் மாட்டினால், நாய் பாய்கிறபோது உடம்பு உங்கள் பக்கமாகத் திரும்பிவிடும். தன் முழு எடையையும் போட்டு நேராக இழுக்க முடியாது. முன்னும் பின்னும் இரண்டு வளையம் உள்ளதாக வாங்கினால் நாய் பழகிய பிறகு முதுகுக்கு மாறிக்கொள்ளலாம். முன் வளையத்தில் ஒரு தொல்லை உண்டு: லீஷ் தொய்ந்தால் முன்னங்காலுக்கு இடையே சிக்கிக்கொள்ளும். ஒன்றரை மீட்டர், மிஞ்சிப்போனால் இரண்டு மீட்டர் லீஷ் போதும். தானாகச் சுருளும் லீஷை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அதில் எப்போதும் ஒரு இழுவிசை இருந்துகொண்டே இருக்கும். இழுத்தால் கயிறு நீளும் என்று நாய்க்கு நாமே பாடம் எடுத்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்து வடிவம். கடையில் தொங்குகிறபோது எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். நாயின் கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், ஒரு எலும்பு முனை தட்டுப்படும். கழுத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் பட்டைகள் அந்த எலும்பின் மேல் சேர்ந்து, அங்கிருந்து ஒரே பட்டையாக முன்னங்கால்களுக்கு நடுவே போக வேண்டும், கவட்டைக் கம்பை நேராகப் பிடித்த மாதிரி, ஆங்கில Y எழுத்து போல. அப்படி இருந்தால் தோள் மூட்டு தடையில்லாமல் அசையும். சிலவற்றில் ஒரே பட்டை நெஞ்சின் குறுக்கே படுக்கை வாட்டில் ஓடும். நாய் காலை முன்னே வைக்கிறபோதெல்லாம் அது தோளில் முட்டும். முன் வளையம் வைத்தவற்றிலும் இந்த ரகம் நிறைய இருக்கிறது, வளையத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

அளவு விஷயத்தில் நான் செய்த தப்பு, உறையில் போட்டிருந்த கிலோவை நம்பியது. ஒரே எடையில் ஒரு நாய் ஒடிசலாக, நெஞ்சு ஆழமாக இருக்கும், இன்னொன்று பீப்பாய் மாதிரி இருக்கும். நாயை நிற்க வைத்து, முன்னங்கால்களுக்குப் பின்னால் விலா அகலமாக இருக்கும் இடத்தைச் சுற்றித் தையல் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கழுத்தின் அடிப்பாகத்தையும் அளந்துகொள்ளுங்கள். உங்கள் நாயின் அளவு இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால், பட்டைகளை இறுக்கவும் தளர்த்தவும் இன்னும் இடம் மிச்சமிருக்கிறதை எடுங்கள்.

போட்ட பிறகு எந்தப் பட்டைக்கு அடியிலும் இரண்டு விரல் படுக்கையாக நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. வயிற்றுப் பக்கம் சுற்றும் பட்டைக்கும் அக்குளுக்கும் நடுவே உங்கள் நாயின் அளவுக்கு இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். இதைக் கவனிக்காததால்தான் என் இரண்டாவது ஹார்னஸ் வீணானது. ஒரு நாள் மணி மல்லாந்து படுத்து வயிற்றைச் சொறியச் சொன்னான். சொறிகிறபோது பார்த்தால் இரண்டு அக்குளிலும் முடி உதிர்ந்து, பென்சிலால் கோடு கிழித்த மாதிரி சிவந்திருந்தது. முன்னால் இழுபடும்போது அந்தப் பட்டை நகர்ந்து நகர்ந்து அங்கே போய் உரசியிருக்கிறது. நின்றபடி பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதனால் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிஷம் நடக்கவிட்டு, உட்காரவிட்டு, அப்புறம் பாருங்கள்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். நாய்க்கு முன்னால் நின்று லீஷை உங்கள் பக்கம் மெதுவாக இழுத்து, ஹார்னஸ் தலை வழியாகக் கழன்று வருகிறதா என்று பாருங்கள். மணி ஒரு பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்து காதை மடக்கி, தலையைத் தாழ்த்தி, இரண்டே எட்டு பின்னால் வைத்தான். மூன்றாவது எட்டில் ஹார்னஸ் மட்டும் என் கையில் தொங்கியது. நல்ல வேளை, ஓடியவன் நேராக வீட்டுக்குத்தான் போனான். நெஞ்சு ஆழமாக, இடுப்பு சிறுத்திருக்கும் நாய்க்கு விலாவுக்குப் பின்னால் இன்னொரு பட்டை வருகிற ஹார்னஸ் பாதுகாப்பு. மற்ற பயந்தாங்கொள்ளிகளுக்கு, இரண்டு முனையிலும் கொக்கி உள்ள லீஷ் வாங்கி ஒன்றை ஹார்னஸிலும் ஒன்றை, அதன் பக்கம் பாரம் விழாதபடி தளர்வாக விட்டு, காலரிலும் மாட்டலாம்.

இழுத்தால் அக்குளில் இறுகும் மெல்லிய கயிறு வைத்த ஹார்னஸ்களும் விற்கிறார்கள். வலியால்தான் வேலை செய்கின்றன, எனக்குப் பிடிக்கவில்லை. மூக்கைச் சுற்றிப் போடும் தலைப்பட்டையை நிதானமாகப் பழக்கத் தெரிந்தவர்கள் பயன்படுத்தட்டும். வேகமாகப் பாயும் நாய்க்குச் சட்டென்று கழுத்து திருகிக்கொள்ளும்.

சரி, ஹார்னஸ் வந்துவிட்டது, இழுப்பதை எப்படி நிறுத்துவது? லீஷ் விறைத்தால் நில்லுங்கள், தொய்ந்தால் நடங்கள். உங்கள் காலருகே வருகிறபோது வாய்க்கு ஏதாவது கொடுங்கள். கேட்க இவ்வளவு சுலபம். முதல் நாள் இருபது நிமிஷத்தில் நாங்கள் பக்கத்து வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை, எதிரே வந்தவர் நாய்க்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஓரளவு நடக்கத் தெரிந்தவன் ஆக மூன்று மாதம் ஆனது. நடுவில் அவசரமாகக் கிளம்பும் நாட்களில் இழுக்க விட்டுவிட்டேன், அதுவும் தாமதத்துக்கு ஒரு காரணம். இப்போது முதுகு வளையத்திலேயே மாட்டிக் கூட்டிப்போகிறேன். பூனையைப் பார்த்தால் மட்டும் இன்னமும் பாய்கிறான். அந்தத் தெரு வருவதற்குள் குனிந்து கொக்கியை முன்னால் மாற்றிக்கொள்கிறேன்.